பழைய எஸ்யூவில அப்கிரேடு பண்றதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாருங்க

பதினஞ்சு இருபது வருஷம் ஓடின எஸ்யூவி ஒண்ணு கைக்கு வந்ததும் முக்காவாசி பேர் முதல்ல தேடுறது எல்இடி பார், பெரிய டயர், வண்டியை உயர்த்தற லிஃப்ட் கிட், கூரை மேல கேரியர். ஆசைதானே, தப்புன்னு சொல்ல வரல. ஆனா வண்டியோட குறைன்னு நமக்குப் படுற விஷயங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்க, லைட் மங்கலா இருக்கு, ஸ்டியரிங் ஆடுது, பள்ளத்துல இறங்கினா தொம்முன்னு சத்தம், மேடு ஏறினா டெம்பரேச்சர் முள் மேல போகுது, இதுல எதுவுமே வண்டி புதுசா வந்தப்ப இருந்த குறை கிடையாது. எல்லாம் வருஷம் போகப் போக வண்டி இழந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாலே பாதி அப்கிரேடுக்குத் தேவை இருக்காது, மீதிப் பாதியும் போட்ட பிறகு ஒழுங்கா வேலை செய்யும்.

நாமளே கை வெக்கறதுக்கு பழைய எஸ்யூவி நல்ல வண்டி. பெரும்பாலும் லேடர் சேஸிஸ், அதாவது அடியில ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அது மேல பாடியை போல்ட் போட்டு உக்கார வெச்சிருப்பாங்க, இன்ஜின் நீளவாக்குல இருக்கும், சுத்தி கை போக இடம் இருக்கும், கீழ உயரம் இருக்கறதால ஆயில் வடிக்கற டிரெய்ன் நட்டு கழட்டறது மாதிரி வேலைக்கு ஜாக்கியே போடாம உள்ள நுழைஞ்சுடலாம். ஆனா அதே வண்டி ரெண்டு டன் பக்கம் எடை, உயரமும் ஜாஸ்தி, ஜாக்கியில இருந்து சரிஞ்சா விளையாட்டு இல்ல. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்ட். இதுல யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி சில பழைய வண்டில ஹேண்ட் பிரேக் பின் வீல்ல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி) பின்னாடி, பின் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அந்த மாதிரி வண்டில ஒரு பின் வீலை மட்டும் தரைல இருந்து தூக்கினா ரெண்டு பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃப்ரென்ஷியல் வழியா அந்த வீல் தாராளமா சுத்தும், ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்திருந்தாலும் வண்டி உருள ஆரம்பிச்சுடும். அதனால எந்த வண்டியா இருந்தாலும் தரைல இருக்கற வீலுக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை வெச்சுட்டுத்தான் ஜாக்கியைத் தொடணும்.

பழைய வண்டி வாங்கும்போது எல்லாரும் கிலோமீட்டர் எவ்வளவுன்னு கேப்பாங்க. கேக்க வேண்டியதுதான், ஆனா வீட்டுல நிக்கவெச்சு கம்மியா ஓட்டின வண்டில கூட ரப்பரும் ஆயிலும் வயசாகிட்டேதான் இருக்கும். டயர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷம் தாண்டின டயரை வெச்சு ஓட்ட வேணாம்னுதான் டயர் கம்பெனிகளே சொல்றாங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல வருஷம் ஒரு தடவையாவது கழட்டி உள்பக்கம் வரைக்கும் பாக்கணும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு, பல வண்டில ஸ்டெப்னிதான் இருக்கறதுலயே வயசான டயர், வெளிய தொங்குற வண்டின்னா வெயில் வேற.

எஸ்யூவில டயர் விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் உயரம். 2000ம் வருஷம் அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க, அதுல நிறைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவில இருந்தது. டயரோட மேல் அடுக்கு பிரிஞ்சு வந்து வண்டி கவிழ்ந்து நிறைய உயிர் போச்சு, டயர் செஞ்ச விதமா, ஃபோர்டு சொன்ன 26 பிஎஸ்ஐ காத்து கம்மியா, வண்டியோட டிசைனான்னு ரெண்டு கம்பெனியும் மாத்தி மாத்திக் குத்தம் சொல்லிக்கிட்டாங்க. நமக்கு வேண்டியது ஒண்ணுதான், காத்து கம்மி, லோடு ஜாஸ்தி, சூடு, ஸ்பீடு இந்த நாலும் சேந்தா டயர் உள்ளேயே வெந்துபோகும், கார்ல அது தள்ளாட்டத்தோட போகலாம், உயரமான வண்டில கவிழ்றதுல முடியலாம். சறுக்கினா தானா பிரேக் பிடிச்சு நேராக்குற இஎஸ்சி அமெரிக்காவுலயே 2012 மாடல்ல இருந்துதான் எல்லா வண்டிக்கும் கட்டாயம் ஆச்சு, நம்ம பழைய வண்டில அது பெரும்பாலும் கிடையாது. அப்ப நல்ல டயர், சரியான காத்து, தேயாத ஷாக் அப்சார்பர் இதுதான் அந்த வண்டியோட இஎஸ்சி.

அடுத்தது புஷ், அதாவது இரும்போட இரும்பு சேர்ற இடத்துல அதிர்வு தாங்க வெக்கற ரப்பர் உருளை. லீஃப் ஸ்பிரிங் கண்ணுல, வீலை சேஸிஸோட இணைக்கற கன்ட்ரோல் ஆர்ம்ல, ஸ்டெபிலைசர் பார்ல, பாடி மவுன்ட்லன்னு எஸ்யூவில ரப்பர் புஷ்ஷுக்குப் பஞ்சமே இல்ல. பழைய ரப்பர் பேண்டை இழுத்தா விரிசல் விடுற மாதிரி இதுவும் விட்டுடும், அப்புறம் வண்டி ரோட்டுல அலையும், அலைன்மென்ட் எத்தனை தடவ பண்ணினாலும் நிக்காது. புஷ் மாத்தறது கையால பண்ணக்கூடிய வேலைதான், ஆனா கடைகள்லயே அடிக்கடி சொதப்புற இடம் ஒண்ணு இருக்கு, வண்டி ஜாக்கில தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முழு டைட் வெச்சுடறது. அப்ப ஆர்ம் கீழ தொங்குற நிலையில ரப்பர் பூட்டிக்கும், வண்டியை இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்லயே கிழியும். போல்ட்டை லூசா மாட்டி, வண்டியைத் தரைல இறக்கி, ரெண்டு தடவ அமுக்கி விட்டுட்டு, எடை வீல் மேல இருக்கும்போதுதான் சொன்ன அளவுக்கு இறுக்கற டார்க் ரெஞ்ச் போடணும். ரப்பருக்குப் பதிலா கெட்டியான பாலியூரித்தேன் பிளாஸ்டிக் புஷ் நல்லாருக்கும்னு சொல்வாங்க, ரொம்ப நாள் வரும்தான், ஆனா அதிர்வு நேரா உள்ள வரும், சரியா கிரீஸ் போடலன்னா கீச் கீச்னு கத்தும். தினசரி ஓட்டற வண்டிக்கு ரப்பரே போதும்ங்கறது என் கட்சி.

ஆயில் வகையறாவுக்கு வருவோம். இன்ஜின் ஆயில் எல்லாரும் மாத்திடறாங்க, அதனால அதை விடறேன். மறக்கறது பிரேக் ஆயில். அது காத்துல இருக்கற ஈரத்தை மெதுவா இழுத்துக்கிட்டே இருக்கும், டாட் 4ங்கற கிரேடு புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி, 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா அது 155க்கு வந்துடும். டாட் 3ன்னா 205ல இருந்து 140. மலை இறக்கத்துல லோடோட பிரேக் மிதிச்சுக்கிட்டே வரும்போது பிரேக் பேடை அமுக்கற கேலிப்பர் பக்கம் இந்தச் சூடெல்லாம் வரக்கூடியதுதான், உள்ள ஆவி உருவாச்சுன்னா பெடல் பஞ்சா அமுங்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தினா போதும், ஒருத்தர் பெடல் மிதிக்க இன்னொருத்தர் வீல் பக்கம் பழைய ஆயில் வெளிய வர்ற நிப்பிளைத் திறக்க மதியத்துக்குள்ள முடியற வேலை. ரிசர்வாயர்ல அளவு காலியாக விடக்கூடாது, பெயின்ட் மேல சிந்தக்கூடாது, சிலிகான்ல செஞ்ச டாட் 5ஐ இதோட கலக்கக்கூடாது.

கூலன்ட்ல நடக்கற கூத்து தனி. ஓவர்ஹீட் ஆகுதுன்னா சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடறது இன்னமும் வழக்கத்துல இருக்கு. அது இல்லாம ஓடினா இன்ஜின் சூடாக நேரமாகும், பெட்ரோல் டீசல் ஜாஸ்தி குடிக்கும், தேய்மானமும் கூடும், அதோட சில இன்ஜின்ல சூடானதும் பைபாஸ் வழியை மூடறதே தெர்மோஸ்டாட்தான், அதை எடுத்துட்டா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்திக்கிட்டு இருக்கும், சூடு இன்னும் ஏறும். உண்மைல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன கணக்கு இருக்கு. டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது மட்டும் சூடாகி, நல்லா ஓட விட்டா இறங்குதுன்னா ஃபேன் பக்கம் பாருங்க, நீளவாக்கு இன்ஜின்ல பெரும்பாலும் விஸ்கஸ் ஃபேன்தான் இருக்கும், ஆயிலோட பிடிமானத்துல ஃபேனைச் சுத்த வெக்கற அந்த கப்ளிங்குக்குள்ள இருக்கற சிலிகான் ஆயில் வருஷம் போனா கசிஞ்சுடும், ஃபேன் சும்மா வழுக்கிக்கிட்டே சுத்தும். அதுக்கு நேர்மாறா ஹைவேல லோடு இழுக்கும்போதுதான் சூடாகுதுன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கும், இல்ல வெளிய ஏசி கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல குப்பை மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். அதோட ரேடியேட்டர் மூடியை மறந்துடாதீங்க, அந்த மூடி பிடிச்சு வெக்கற பிரஷர்தான் கொதிநிலையை மேல தூக்குது, அதுல ஸ்பிரிங்கோ ரப்பரோ போச்சுன்னா புது ரேடியேட்டர் போட்டாலும் கொதிக்கும். மாத்தறதுலயே மலிவான பார்ட் அது, கடைசியா மாத்தறதும் அதுதான், ஏன்னு தெரியல.

கூலன்ட் கலரைப் பாத்து ஊத்தாதீங்க, பச்சை சிவப்பு மஞ்சள்னு கலருக்குப் பொது விதி எதுவும் கிடையாது, கம்பெனிக்கு கம்பெனி மாறும். வேற வேற வகையைக் கலந்தா துருத் தடுப்பு வேலை செய்யாம போகலாம், சில சமயம் கெட்டிப்படும். பழசை முழுசா வடிச்சு டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, மேனுவல்ல சொன்ன வகையைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஊத்தறது நிம்மதி. வடிச்ச கூலன்ட்டை அப்படியே பாத்திரத்துல விட்டுட்டுப் போகாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா செத்துடும்.

இப்ப டிஃப்ரென்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ். இதுல ஆயில் மாத்தறதுக்கு ஒரே ஒரு விதிதான், ஊத்தற நட்டு கழலுதான்னு பாத்துட்டு அப்புறம் வடிக்கற நட்டைத் திறக்கணும். மேல இருக்கறது துருப்பிடிச்சுக் கழல மாட்டேங்குதுன்னு தெரியாம கீழ வடிச்சுட்டா ஆயில் இல்லாத வண்டி நகர முடியாம நிக்கும். வடிக்கற நட்டுல பெரும்பாலும் காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல பசை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம், சில்லு சில்லா இரும்பு இருந்தா உள்ள பல்லோ பேரிங்கோ போகுது. ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தா தண்ணி புகுந்திருக்கு. எப்படிப் புகுந்துச்சுங்கறதுதான் முக்கியம். ஆக்சில் ஹவுசிங் ஓடி ஓடிச் சூடாகி இருக்கும்போது தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள இருக்கற காத்து சடார்னு குளிர்ந்து சுருங்கும், அந்த இழுப்புக்குக் காத்து வரணும்னுதான் பிரீதர்னு ஒரு சின்ன குழாய் இருக்கு, அது மண்ணடைச்சுக் கிடந்தா ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். இதுக்காகவே பிரீதருக்கு நீளமா ரப்பர் டியூப் மாட்டி இன்ஜின் பே உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிடறாங்க. பாக்க ஒண்ணும் தெரியாது, யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டாங்க, ஆனா எஸ்யூவிக்குப் பண்ற அப்கிரேடுலயே இதுக்கு மேல பிரயோஜனமானது எனக்குத் தெரிஞ்சு அபூர்வம்.

ஆயில் கிரேடுலயும் கவனம் வேணும், டிஃப்ரென்ஷியலுக்கு ஜிஎல்-5 சரி, ஆனா கியர் மாத்தும்போது வேகத்தைச் சமன் பண்ற பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கற சில பழைய கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4தான் கேப்பாங்க, ஒரே டப்பாவை எல்லாத்துக்கும் ஊத்தறதுக்கு முன்னாடி மேனுவலைப் பாருங்க. ஜாயின்ட் ஷாஃப்ட்ல கிரீஸ் நிப்பிள் இருந்தா ஆயில் மாத்தும்போதெல்லாம் கிரீஸ் கன் பிடிச்சுடுங்க. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (வேணும்போது மட்டும் நாலு வீலுக்கும் சக்தி குடுக்கறது) வண்டின்னா மாசம் ஒரு தடவ மண் ரோட்டுல அதைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்க, தார் ரோட்டுல போட்டுத் திருப்பினா முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும்.

கரண்ட் பக்கம்தான் பழைய வண்டில அதிகமா காசு வீணாகுது. ஹெட்லைட் மங்கலா இருக்குன்னு பெரிய வாட் பல்பு, அப்புறம் எல்இடி பல்பு, அப்புறம் பம்பர்ல பார்னு போவாங்க. ஹாலஜன் பல்போட வெளிச்சம் வோல்ட்டேஜோட கிட்டத்தட்ட 3.4 அடுக்குல மாறும், புரியற மாதிரி சொன்னா வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் காணாம போகும். பேட்டரில 13.8 வோல்ட் இருந்து பல்புக்கு 12.4தான் வருதுன்னா நீங்க அந்த நிலைமைலதான் இருக்கீங்க. இதைச் சோதிக்க சாதாரண மல்டிமீட்டர் போதும், இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டு, ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ணை பல்போட பிளஸ் பின்லயும் வைங்க, காட்டற எண்தான் வழியில தொலைஞ்ச வோல்ட்டேஜ், அரை வோல்ட்டுக்கு மேல போனா வேலை இருக்கு. அதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் பல்போட எர்த்துக்கும் பாருங்க, சில வண்டில குத்தம் முழுக்க துருப்பிடிச்ச எர்த் போல்ட்டுலதான் இருக்கும், உப்புத்தாள் போட்டு தேச்சு டைட் வெச்சா தீந்துச்சு.

பழைய வண்டி பலதுல ஹெட்லைட் கரண்ட் முழுசும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியா ஒல்லி வயர்ல சுத்தி வருது, அதனாலதான் இந்த நஷ்டம். பேட்டரில இருந்து நேரா ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்ட்டை வெச்சு பெரிய கரண்ட்டைத் திறந்து விடற ஸ்விட்ச்), தடி வயர்னு ஒரு ஹார்னஸ் போட்டு பழைய வயரை ரிலேவைத் தட்டி விடறதுக்கு மட்டும் வெச்சுக்கிட்டா அதே பல்பு வேற வண்டி மாதிரி எரியும். எச்4 பல்பு ஹை பீம்ல 60 வாட், ரெண்டு பக்கமும் சேத்து 10 ஆம்பியர் வரும், அதுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், அந்த 15ஐ சூடாகாம தாங்கற வயர். ஃபியூஸ் காப்பாத்தறது வயரைத்தான், அதனால அது பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், லைட்டுக்குப் பக்கத்துல இருந்து பிரயோஜனம் இல்ல. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள எல்இடி பல்பு போடறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அந்தக் கண்ணாடி ஃபிலமென்ட் இருக்கற துல்லியமான இடத்தை வெச்சு வடிவமைச்சது, சிப் வேற இடத்துல வேற வடிவத்துல இருந்தா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாம எதிர வர்றவங்க கண்ணுக்குப் போகும், பல நாட்டுல சட்டப்படியும் கூடாது. மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக் லென்ஸ்னா 800ல ஆரம்பிச்சு 1000, 2000, 3000னு தண்ணியோட உப்புத்தாள் தேச்சு பாலிஷ் போட்டா தெளிஞ்சுடும், ஆனா மேல புற ஊதாக் கதிரைத் தடுக்கற கிளியர் கோட் அடிக்கலன்னா சீக்கிரமே மறுபடி மஞ்சள்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் பட்டையா ஒரு எர்த் வயர் வரும், அதையும் பாத்துடுங்க. அது அறுந்துபோனா ஸ்டார்ட்டருக்குப் போற கரண்ட் வேற வழி தேடும், கிளட்ச் கேபிள் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா எல்லாம் பாஞ்சு கேபிள் சூடாகி இறுகிப்போன கதை நிறைய இருக்கு, ஆளுங்க கேபிளை மட்டும் மாத்திக்கிட்டே இருப்பாங்க. பேட்டரி அடிக்கடி இறங்குதுன்னா வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழிச்சு எவ்வளவு கரண்ட் கசியுதுன்னு அளங்க, 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 300 இருந்தா ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவர் போகுது, 60 ஆம்பியர் அவர் பேட்டரி நாலே நாள்ல பாதி காலி. ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்கினா எந்த லைன்னு தெரிஞ்சுடும், பாதி சமயம் முந்தின ஓனர் மாட்டின ஸ்டீரியோவோ அலாரமோதான்.

வண்டியோட கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச கோளாறு கோடைப் படிக்கற ஓபிடி ஸ்கேனர் பத்தி ஒரு வரி. வண்டில அந்த சாக்கெட் இருந்தா வாங்கி வைங்க, ஆனா கோடு சொல்றது அறிகுறியை, பார்ட்டை இல்ல. பி0171 வந்தா எரிபொருளுக்கு மேல காத்து ஜாஸ்தின்னுதான் அர்த்தம், அதைப் பாத்து ஆக்சிஜன் சென்சாரை மாத்தறாங்க, கடைசில பாத்தா எங்கயோ ஒரு வேக்குவம் ஹோஸ் வெடிச்சிருக்கும். இங்கயும் ரப்பர்தான்.

துரு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. அடியில கறுப்பா அண்டர்கோட் அடிச்சு பளபளன்னு இருக்கற வண்டியை நம்பாதீங்க, துரு மேல அதை அடிச்சா ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு மறைவுல அரிச்சுக்கிட்டே இருக்கும். சேஸிஸ் உள்பக்கம் பொள்ளலா இருக்கும், அங்க சேறு போய் உக்காந்து காயவே காயாது. சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்ச இடம் மொத்தையா கேக்கும். அலசிக் காயவிட்டு உள்பக்கம் மெழுகு வகை ஸ்பிரே அடிக்கறதுதான் வழி. சேஸிஸ் ஓட்டையாகி இருந்தா அது வெல்டிங் தெரிஞ்சவர் வேலை.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு ஆசை அப்கிரேடுக்கு வாங்க, ஆனா ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு நகரும். டயர் விட்டம் 10 சதவீதம் பெருசானா ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 110ல போகும், கியர் எல்லாம் அதே அளவு இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்பிரிங் உயர்த்தினா காஸ்டர் கோணம் (முன் வீல் திரும்பற அச்சோட சாய்வு) குறைஞ்சு ஸ்டியரிங் தானா நேரா வர்றது மந்தமாகும், ஷாஃப்ட் கோணம் மாறி அதிர்வு வரும், பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னு பாக்கணும், ஹெட்லைட்டைத் திரும்ப இறக்கி செட் பண்ணணும். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, பல பழைய எஸ்யூவில பின் ஆக்சிலோட ஒரு கம்பி மாட்டி லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கற வால்வு இருக்கும். வண்டியை உயர்த்தினா அந்த வால்வு வண்டி காலியா இருக்குன்னு நினைச்சுக்கும், பின் பிரேக்கோட வேலை குறைஞ்சு போகும். கம்பியை அந்த அளவுக்கு நகர்த்தி மாட்டணும். கூரை கேரியர்னா மேனுவல்ல எழுதின எடை வரம்புல கேரியரோட எடையும் சேத்தி, பெரிய இரும்பு கேரியர் போட்டா சாமான் வெக்க மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், அதுவும் ஏற்கனவே உயரமான வண்டியோட தலை மேல.

பக்கவிளைவு இல்லாம கிடைக்கற அப்கிரேடும் இருக்கு. பின்னாடி கேமரா முதல்ல, எஸ்யூவிக்குப் பின்னால ஒரு குழந்தை நின்னா கண்ணாடில தெரியாது. அப்புறம் கதவு ரப்பருக்கும் ஜன்னல் சேனலுக்கும் சிலிகான் ஸ்பிரே, பவர் விண்டோ மெதுவா ஏறுதுன்னு மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. சத்தம் குறைய பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டறதா இருந்தா தகட்டுல கால்வாசி இடம் மூடினாலே அதிர்வு அடங்கிடும், மூலை முடுக்கெல்லாம் ஒட்டி எடையை ஏத்த வேணாம்.

கை வெக்கவே கூடாத இடமும் இருக்கு. ஏர்பேக் வயர், அது பெரும்பாலும் மஞ்சள் கனெக்டர்ல வரும், ஸ்டீரியோ மாத்தறேன்னு அதைப் பிடுங்காதீங்க. காயில் ஸ்பிரிங்கை ஒழுங்கான கம்பிரஸர் இல்லாம கழட்டறது, ஏசி கேஸைத் திறந்து விடறது ரெண்டும் வேணாம். டீசல் காமன் ரெயில் (ஒரே குழாய்ல அதிக பிரஷர்ல டீசலை சேத்து வெச்சு இன்ஜெக்டருக்கு அனுப்பற முறை) வண்டின்னா இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் பக்கம் கசிவு இருக்கான்னு விரலால தடவிப் பாக்கவே கூடாது, உள்ள பிரஷர் 1300 பாருக்கும் மேல போகும், ஊசி மாதிரி தோலுக்குள்ள டீசலை ஏத்திடும், வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், ஆனா கையையே எடுக்க வேண்டி வரலாம், உடனே ஆஸ்பத்திரி போகணும். சந்தேகம் இருந்தா இன்ஜினை ஆஃப் பண்ணி, பிரஷர் இறங்க விட்டு, பைப்பைத் துடைச்சு காய வைங்க, அப்புறம் கை கிட்ட போகாம கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு மறுபடி ஆஃப் பண்ணி, ஈரம் எங்க இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா போதும்.